இலவச எண்ணுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவே: பட்டாபிராமிலிருந்து மனநல உதவியைத் தேடுவோர்

1. கேள்வி

மனநோய்க்குச் சிகிச்சை பெற யாரும் நெடுந்தூரம் அலைய நேரக் கூடாது. அவர் குடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 18ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவில் அரசுக்கு விதித்திருக்கும் கடமை இது. சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. நெடுந்தூரம் என்றால் எத்தனை கிலோமீட்டர், அருகில் என்றால் எதுவரை என்பதை அது வரையறுக்கவில்லை. ஜவ்வாது மலையின் ஒரு சிற்றூரை வைத்துப் பார்த்தால் வரையறையே தேவைப்படாது. வாக்குறுதி நிறைவேறவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பட்டாபிராம் அப்படிப்பட்ட ஊர் அல்ல. சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மின்சார ரயில் ஓடுகிறது. 2019இல் மாநகராட்சியான ஆவடிக்குள் அடங்கிய பகுதி. 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா இங்கே திறக்கப்பட்டது. மனநலச் சேவையில் நாட்டின் மிகப் பழைய நிறுவனங்களில் ஒன்று இதே ரயில் பாதையை ஒட்டித்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் வாழும் ஒருவர், தனக்கோ வீட்டிலிருப்பவருக்கோ மனம் குலைந்து நிற்கும்போது, முதலில் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் தவிப்பது ஏன்? இதுவே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. மருத்துவர்கள் போதாது என்பது ஒன்று. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, வெட்கம் தடுக்கிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பட்டாபிராமின் நிலைமையை விளக்க இரண்டும் போதவில்லை. இங்கே சேவை இரண்டு முனைகளில் நிற்கிறது. ஒரு முனையில் யாரும் அழைக்கக்கூடிய தொலைபேசி எண். மறு முனையில் பெரிய ஆஸ்பத்திரி. நடுவில் இருக்க வேண்டிய படி கட்டப்படவே இல்லை. நடந்து போகும் தூரத்தில், பெயரும் முகமும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேட்கும் அறைதான் அந்தப் படி. அதைக் கட்டுவதற்கான அனுபவம் தமிழ்நாட்டு அரசிடமே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. வரைபடத்தில் இருப்பவை

1794இல் சென்னையில் தொடங்கிய மனநோயாளர் காப்பகம் 1871இல் இன்றைய இடத்துக்கு மாறியது. கீழ்ப்பாக்கம் என்று ஊரே அழைக்கும், அயனாவரத்திலுள்ள அரசு மனநலக் காப்பகம் அதுதான். 1960களிலும் 70களிலும் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். நோயாளிகளைச் சுவருக்குள் வைத்திருப்பது மட்டும் சிகிச்சையாகாது என்று உணர்ந்து அங்கே புறநோயாளர் சேவையையும் தொழில்வழி மறுவாழ்வையும் வளர்த்தவர். ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவினார். அண்ணா நகர் மேற்கு விரிவாக்கத்தில் இருக்கும் அது மனச்சிதைவு நோய் குறித்த ஆராய்ச்சியில் உலக அளவில் மதிக்கப்படுவது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பின் 'அடைக்கலம்' முகப்பேரில் இருக்கிறது. தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காக உருவானது. தற்கொலைத் தடுப்புக்கென டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சினேகாவும் சென்னையில்தான். மேற்கே திருவள்ளூரில், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவும் மாவட்டத்துக்கு உண்டு. 1982இன் தேசிய மனநலத் திட்டத்திலிருந்து கிளைத்து 1996இல் தொடங்கிய மாவட்டத் திட்டம், தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்திருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்; மாநில அரசு இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்தது.

இவற்றையெல்லாம் வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் மேற்குப் புறநகர் வளமான பகுதியாகவே தோன்றும். ஆனால் வரைபடத்தில் தெரியாத ஒன்று, இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு மனிதருக்காகக் கட்டப்பட்டவை என்பது. ஒன்று மனச்சிதைவின் நெடுங்காலச் சிகிச்சைக்கு, ஒன்று வீடற்றோருக்கு, ஒன்று உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவருக்கு. நான்கு மாதமாகத் தூக்கமில்லாமல், வேலைக்குப் போகப் பிடிக்காமல், காரணம் தெரியாமல் அழும் ஒருவர் இவற்றில் எதைத் தன்னுடையது என்று நினைப்பார்?

ஆவடி வட்டாரத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. இது ராணுவத் தளவாடங்களையும் தொழிற்பேட்டைகளையும் சுற்றி வளர்ந்த பகுதி. கனரக வாகனத் தொழிற்சாலை, படையாடைத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, படைக்கலக் கிடங்கு, விமானப்படைத் தளம், அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று ஒவ்வொன்றும் தன் ஆட்களுக்கு ஒரு மருத்துவ வழியை வைத்திருக்கிறது. தளவாடத் தொழிற்சாலை ஊழியருக்கு நிறுவனத்தின் மருத்துவமனை. முன்னாள் படைவீரருக்கு அவருக்கான தனித் திட்டம். தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இஎஸ்ஐ. மற்றவர்களுக்கு அரசு மருத்துவமனை. வேலை மாறினால் வழியும் மாறும். ஒப்பந்தம் முடிந்தால் சில காலத்தில் இஎஸ்ஐ உரிமையும் போய்விடும். 2021 அக்டோபர் 1 அன்று தளவாடத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, தலைமுறைகளாக இந்த ஊர்கள் சார்ந்திருந்த வேலை உறுதியே கேள்விக்குள்ளானது. மனம் தளர்ந்த காலத்தில்தான் ஒருவர் வேலையை இழக்கிறார், அல்லது வேலையை இழந்ததால் மனம் தளர்கிறார். உதவி மிகவும் தேவைப்படும் அந்தக் கட்டத்திலேயே வேலையோடு கட்டப்பட்ட மருத்துவ வழி அறுந்துபோகிறது. வேலை, அட்டை, பதவி எதையும் கேட்காத ஒரு பொது வாசல் இந்த வட்டாரத்துக்குக் கட்டாயமாவது இதனால்தான்.

3. தேவையின் அளவு, அது வெளிப்படும் விதம்

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அந்த நேரத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகக் கணித்தது. 2011 கணக்கெடுப்பின்படி ஆவடியின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.46 லட்சம். இதில் வயது வந்தோர் இரண்டரை லட்சம் என்று கொண்டால், ஆய்வின் விகிதப்படி 26,500 பேர் வருகிறார்கள். தேசியச் சராசரியை ஓர் ஊர்மீது அப்படியே போர்த்துவது தோராயக் கணக்குதான். பெருநகரப் பகுதிகளில் விகிதம் கூடுதல் என்று அதே ஆய்வு சொல்வதையும், ஊர் 2011க்குப் பின் பெருத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது குறைமதிப்பீடாகவே இருக்க வாய்ப்பு அதிகம். சிகிச்சை கிடைக்காதோர் விகிதம் இன்னும் கவலை தருவது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகளில் 85 விழுக்காட்டினருக்கும், தீவிர நோய்களில் 73.6 விழுக்காட்டினருக்கும், குடிநோயில் 86 விழுக்காட்டினருக்கும் எந்தச் சிகிச்சையும் போய்ச்சேரவில்லை. தீவிர நோயில் இடைவெளி சற்றுக் குறைவாக இருப்பதற்குக் காரணம் எளிது: தெருவுக்கு வந்துவிடும் நோயைக் குடும்பம் எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. வீட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் நோய்க்கு யாரும் ரயில் ஏறுவதில்லை.

அடங்கிக் கிடக்கும் அந்த நோய் முற்றிலும் ஒளிந்திருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது வேறு வாசல்களைத் தட்டுகிறது. மனச்சோர்வு கொண்டவர் பெரும்பாலும் மனசைப் பற்றிப் பேசுவதில்லை. உடம்பு வலி, தலைபாரம், படபடப்பு, பசியின்மை, நரம்புத் தளர்ச்சி என்று தெருமுனை கிளினிக்குக்குப் போகிறார். சத்து ஊசியும், சில நேரம் தூக்க மாத்திரையும் கிடைக்கின்றன. இன்னொரு வாசல் கோயிலும் தர்காவும் ஜெபக்கூட்டமும். இதே ரயில் பாதையில் திருவள்ளூர் வைத்திய வீரராகவர் சன்னிதிக்கு அமாவாசைதோறும் பிணி தீர வேண்டி ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்குவது அறிவியல் ஆகாது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பற்றி ரகுராமும் சக ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியதில், மருந்தோ சடங்கு வைத்தியமோ இல்லாமலே, தங்கியிருந்த காலத்தில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது பதிவாகியிருக்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு. கோயில் நோயைத் தீர்க்கும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. அடிக்காமல், கட்டிப்போடாமல், குடும்பத்தோடு தங்கவிடும் இடம் தானே ஓரளவு மருந்தாகும் என்பதை இது காட்டுகிறது. கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 சாட்சி. அன்று ஏர்வாடிக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின.

மூன்றாவது வாசல் காவல்நிலையப் பதிவேடு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதுமான காரணப் பட்டியலில் குடும்பப் பிரச்சினைகள் 31.7 விழுக்காடு, நோய் 18.4 விழுக்காடு. காவல்துறை எழுதும் 'காரணம்' ஒரு வாழ்க்கையின் சிக்கலை ஒற்றைச் சொல்லில் சுருக்கிவிடுவது; அதை நோயறிதலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு வெடிப்பு வீட்டுக்குள்ளும் உடம்புக்குள்ளும் வெகுநாள் புகைந்தது என்பதை அது உணர்த்துகிறது. புகைந்த காலத்தில் யாராவது கேட்டிருக்க முடியும்.

4. மறுப்புகளும் விடைகளும்

'வெட்கம்தான் தடை, வாசல் திறந்தாலும் யாரும் வர மாட்டார்கள்' என்பது முதல் மறுப்பு. கீழ்ப்பாக்கம் என்ற பெயரே வசவாகிப்போன ஊரில் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதைவிடக் கொடிய வெட்கத்தை இதே மாநிலம் சந்தித்திருக்கிறது. எச்ஐவி வந்தவரைத் தெருவே விலக்கிவைத்த காலத்தில், 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. பின்னர் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற சிறு அறைகள் வந்தன. அங்கே ஓர் ஆலோசகர், கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம், சொன்னது வெளியே போகாது, பரிசோதனை அங்கேயே, தேவைப்பட்டால் அடுத்த இடத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. வெட்கம் முழுவதும் நீங்கும்வரை அரசு காத்திருக்கவில்லை. வெட்கத்தோடேயே உள்ளே வரக்கூடிய அறையைக் கட்டியது, மக்கள் வந்தார்கள். கர்ப்பிணிகளின் வழக்கமான பரிசோதனையோடு அதை இணைத்ததால், அந்த அறைக்குள் போவதே ஒருவரை அடையாளம் காட்டிக்கொடுக்கும் நிலையும் குறைந்தது. மனநலத்துக்கு இந்த ஏற்பாட்டை ஏன் செய்யக் கூடாது என்று கேட்டால், கொள்கை அளவில் நியாயமான விடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு ஆள் பற்றாக்குறை. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. வார்டுக்கு ஒருவரை எங்கே தேடுவது? இதற்கு ஆய்வுகள் விடை சொல்லியிருக்கின்றன. கோவாவில் விக்ரம் படேலும் குழுவினரும் 24 மருத்துவ நிலையங்களில் நடத்தி 2010இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், மனநல மருத்துவர்களாக இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களே மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் முதல் கட்ட உதவியைத் தந்தார்கள். ஆறு மாத முடிவில், அவர்கள் பணியாற்றிய அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 65.9 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள்; வழக்கமான சிகிச்சை மட்டும் தந்த அரசு நிலையங்களில் 42.5 விழுக்காட்டினர். தனியார் கிளினிக்குகளில் இந்த வேறுபாடு தெரியவில்லை. நடுப்படியை அரசு வளாகத்தில் கட்ட வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான ஆதாரம். தீவிர நோய்க்கும் ஒரு சான்று அண்டை மாவட்டத்திலேயே உண்டு. ஸ்கார்ஃப் பங்கேற்று 2014இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், மனச்சிதைவு கொண்ட 282 பேரில் ஒரு பிரிவினருக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு வீட்டுக்கே வந்து உதவும் சமூகப் பணியாளரும் கிடைத்தார். பலன் மொத்தத்தில் மிதமானது. மூன்று களங்களில் காஞ்சிபுரம் மாவட்டத்துக் களத்தில்தான் அது தெளிவாகத் தெரிந்தது. அது கிராமப்புறம், பட்டாபிராம் அப்படியல்ல என்று வாதிடலாம். நியாயமான எச்சரிக்கைதான். இங்கே வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களும் இரவு ஷிஃப்ட் ஆட்களும் அதிகம். பணியாளர் கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. முறையை ஊருக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதற்கு இது காரணமாகும். செய்யாமலே இருப்பதற்கு ஆகாது.

'தொலைபேசி இருக்கிறதே' என்பது மூன்றாவது. நள்ளிரவில் உயிரைக் காக்கக்கூடிய ஏற்பாடு அது. அதன் மதிப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஒற்றை அறை வீட்டில், கணவரும் மாமியாரும் கேட்கும் தூரத்தில், ஒரு பெண் எதைப் பேசிவிட முடியும்? எண்ணால் மாத்திரை தர முடியாது. இரண்டாம் முறை அழைக்கும்போது அதே குரல் எடுக்கும் என்ற உறுதியும் இல்லை. நேரில் பார்க்க எங்கே போவது என்று அழைப்பவர் கேட்டால், மறுமுனையில் இருப்பவர் சொல்வதற்கு அருகில் ஓர் இடம் வேண்டும். நடுப்படி இல்லாதவரை தொலைபேசி உதவியும் பாதியில்தான் நிற்கும்.

கடைசி மறுப்பு ஆழமானது. கடன், குடி, வேலைப் பறிப்பு, வீட்டு வன்முறை ஆகியவற்றால் உண்டாகும் துயரத்தை நோய் என்று பெயரிட்டு மாத்திரை கொடுப்பது, அநீதியை மருத்துவ அட்டையாக மாற்றுவது ஆகாதா? ஆகும், மாத்திரை மட்டும் கொடுத்தால். மனநல மருத்துவர் மாவட்டத் தலைநகரில் ஒரு சீட்டுக்குச் சில நிமிடமே ஒதுக்க முடிகிற ஏற்பாட்டில் மாத்திரைதான் மிஞ்சும். உள்ளூர் ஆலோசகருக்கு அந்தத் தெருவின் மதுக்கடையும் தெரியும், சுய உதவிக்குழுத் தவணை நாளும் தெரியும். அடிபட்ட பெண்ணைப் பாதுகாப்பு அலுவலரிடம் சேர்க்கவும், குடிநோயரைக் குடிமறப்போர் கூட்டத்துக்கு அழைத்துப்போகவும் அவரால் முடியும். துயரத்தை நோயாகச் சுருக்கும் ஆபத்து தொலைவில்தான் கூடுதல்.

5. நடுப்படி எப்படி இருக்கலாம்

இலங்கையின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அந்நாடு 2005இல் மனநலக் கொள்கையை வகுத்து, குறுகிய காலப் பயிற்சி பெற்ற பொது மருத்துவர்களை மனநல மருத்துவ அலுவலர்களாக மாவட்டங்களுக்கு அனுப்பியது. ஆழிப்பேரலைக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநலச் சேவைக் கட்டமைப்பு பின்னர் 27இல் 20 மாவட்டங்களுக்குப் பரவியதாக உலக சுகாதார நிறுவனம் 2013இல் பதிவுசெய்தது. கேரளத்தில் 2008இல் கோழிக்கோட்டில் தொடங்கிய மனநலச் செயல் அறக்கட்டளை, வலிதணிப்பு மருத்துவத்துக்காக ஊர்தோறும் உருவாகியிருந்த தன்னார்வலர் வலையையே மனநோய்க்கும் பயன்படுத்திக்கொண்டது. புதிய கட்டடம் எழும்வரை இரண்டு இடங்களிலும் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் அப்படிப்பட்ட வலை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறது. வலிதணிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. இரத்த அழுத்தம் பார்க்க வரும் பெண் தன்னார்வலர், கடந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டம் இல்லாமல் போயிற்றா என்று இரண்டு கேள்விகள் சேர்த்துக் கேட்கலாம்; மருத்துவ உலகில் சோதித்துப் பார்க்கப்பட்ட கேள்விகள்தான் இவை. ஏற்கெனவே குறைந்த ஊக்கத்தொகைக்கு உழைக்கும் பெண்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதா என்று கேட்பவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். வேலையைக் கூட்டினால் ஊதியத்தையும் கூட்டியாக வேண்டும். அவர் கண்டுபிடிப்பவரை அனுப்புவதற்கு ஓர் ஆலோசகர் அருகில் இல்லையென்றால், கேள்வி கேட்பதே கொடுமையாகிவிடும். ஆகவே முதலில் வர வேண்டியது ஆலோசகர். கேள்விகள் அதற்குப் பிறகு.

ஆவடி மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒவ்வொன்றிலும் நம்பிக்கை மையத்தைப் போன்ற கதவுள்ள ஓர் அறை, ஆண்டுக்கு ஆண்டு மாறாத ஓர் ஆலோசகர், வேலை முடிந்து வருவோருக்காக வாரத்தில் சில நாட்கள் மாலை நேரம், மாவட்ட மனநலக் குழு வந்து பார்க்கும் ஒரு குறித்த நாள்: இவ்வளவுதான் தேவை. மருந்து விஷயத்தில் சட்டத்திலேயே ஒரு குறை உண்டு. அத்தியாவசிய மனநல மருந்துகள் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்ற விதி சமுதாய சுகாதார நிலையம் முதல் மேல்நிலை வரைதான் பேசுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. மாதாமாதம் மாத்திரைக்காக வில்லிவாக்கத்திலோ பெரம்பூரிலோ இறங்கி அயனாவரம் போய் வரிசையில் நிற்கும் தினக்கூலிக்கு, நோயாளியோடு துணைக்குப் போகும் ஆளுக்கும் சேர்த்து இரண்டு நாள் கூலி போகிறது. மனநோய்க்காகக் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை சிகிச்சைக்கும் பயணத்துக்கும் செலவிட்டதாக நிம்ஹான்ஸ் ஆய்வு கண்டதில் இந்தக் கூலி இழப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாத்திரை நிறுத்தப்படுவதும் நோய் திரும்புவதும் பல வீடுகளில் இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகின்றன. பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த மருந்தைப் பட்டாபிராமிலேயே வாங்கிக்கொள்ள ஒரு மாநில ஆணை போதும். சட்டத் திருத்தம் வேண்டியதில்லை.

இன்று உதவி தேடி நிற்பவர்கள் 14416ஐயோ 104ஐயோ அழைக்கலாம். மாவட்ட மனநலக் குழு எந்த நாளில் எங்கே வருகிறது என்று ஆவடி அரசு மருத்துவமனையில் கேட்கலாம். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. நலமாக இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மனநல ஆலோசனை கிடைக்கும் நாள், நேரம், அறை எண், ஆலோசகரின் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகை உங்கள் வார்டு சுகாதார நிலையத்தின் வாசலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 18ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மாமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு எழுதுங்கள்.